கழிமுகத்தின் அக்கரை: மாலைப் பள்ளிகளின் நூற்றாண்டுக் கதை

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் ஒரு காலத்தில் இலக்கண மண்டபம் ஒன்று இருந்தது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலக் கல்வெட்டு அதனை 'வியாகரணதான வியாக்கியான மண்டபம்' என்று குறிக்கிறது. பாணினிக்குச் சிவபெருமானே தோன்றி இலக்கணம் உணர்த்திய இடம் என்பது அதற்கு வழங்கிய ஐதீகம். மண்டபத்தைப் பேணவும், அங்கே கற்பிப்போரையும் கற்போரையும் காக்கவும் நிலம் விடப்பட்டிருந்தது. இன்று வடசென்னை என்றாலே கண்ணாடித் தூள் போலக் கரி படிந்த சாலைகளும், கொள்கலன் லாரிகளும், புகைபோக்கிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த மண்ணில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே மானியத்துடன் கூடிய ஓர் உயர்கல்வி நிலையம் இருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நம் கேள்வி அந்த மண்டபத்தின் பெருமை பற்றியதன்று. அதன் வாசல் எவருக்குத் திறந்தது என்பது பற்றியது. கோயிலுக்குக் கிழக்கே கடலில் வலை வீசியவர்களின் பிள்ளைகளும், வடக்கே எண்ணூர்க் கழியில் கையால் இறால் தடவியவர்களின் பிள்ளைகளும் அங்கே பாணினியைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதைச் சொல்லக் கல்வெட்டுத் தேவையில்லை.

கற்றவன் கல்லாதவனின் தெருவுக்குச் சென்று கற்பிப்பது என்ற எண்ணம் மிகவும் பிற்காலத்தது. அதிலும், கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞன் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுவனுக்கு அண்ணனாக அமர்ந்து பாடமும் சொல்லி வழியும் காட்டுவது என்பது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குள் உருவான வழக்கம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தத் துறைமுகப் பகுதியில் அவ்வழக்கம் எப்படி வந்தது, யாரைச் சென்றடைந்தது, யாரை விட்டுவிட்டது என்பதையே இக்கட்டுரையில் காண முயல்கிறோம்.

மேலை நாட்டில் இதன் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1884ஆம் ஆண்டு. அவ்வாண்டில் சாமுவேல் பார்னெட்டும் ஹென்றியட்டா பார்னெட்டும் இலண்டனின் கிழக்குப் பகுதியில் டாயின்பீ ஹால் என்ற இல்லத்தை நிறுவினர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களும் புதுப் பட்டதாரிகளும் ஏழைத் தொழிலாளர் நடுவே குடியிருந்து மாலை வகுப்புகள் நடத்தினார்கள். அந்தக் கிழக்கு இலண்டனும் கப்பல் துறைப் பகுதிதான் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். மூட்டை சுமப்போரும் அன்றாடக் கூலிகளும் வாழ்ந்த இடம் அது. இந்தியாவில் இதற்கு ஒப்பான ஒரு முயற்சியாக, 1911இல் பம்பாயில் என்.எம்.ஜோஷி தொடங்கிய சமூக சேவைக் கழகத்தின் இரவுப் பள்ளிகளைச் சொல்லலாம்.

சென்னையில் கதை சற்று வேறாகத் தொடங்குகிறது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை ஒட்டிய ஊரூரில் ஒடுக்கப்பட்டோருக்கான இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் நகரில் இன்னும் சில பள்ளிகள் பிரம்மஞான சபையின் ஆதரவில் தோன்றின. அவற்றுள் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயரே இடப்பட்டது. இப்பள்ளிகளின் பொறுப்பில் இருந்த கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'பறையருக்கு நாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம்' என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. அம்மையாரின் உழைப்பில் ஐயம் கொள்ள நமக்கு எந்த உரிமையும் இல்லை. ஆயினும் அத்தலைப்பில் உள்ள 'நாங்கள்' என்ற சொல் நம்மை உறுத்துகிறது. கற்பிக்கும் 'நாங்கள்' ஒரு கரையிலும், பெயரிட்டு அழைக்கப்படும் 'அவர்கள்' மறு கரையிலும் நிற்கிறார்கள்.

இதனை அன்றே உணர்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். ஆல்காட்டுடன் நெருங்கிப் பழகியவர், 1898இல் அவருடன் இலங்கை வரை சென்றவர் அவர். ஆனால் தம் மக்களுக்குப் பிறர் சூட்டிய பெயர்களை அவர் ஏற்கவில்லை. 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் இதற்கான விவாதக் களமாயிற்று. பள்ளி வேண்டும், அந்தப் பள்ளிக்குள் நுழையும் பிள்ளை எந்தப் பெயரோடு நுழைகிறது என்பதும் முக்கியம் என்பதே அவர் நிலைப்பாட்டின் சாரம் எனலாம். கற்பித்தல் பற்றிய இந்த எச்சரிக்கை இன்றும் பழையதாகிவிடவில்லை.

வடசென்னையில் இரண்டாவது அலை தொழிற்சங்கத்தோடு வந்தது. பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அரைநேரம் வேலை பார்த்த சிறார்களுக்கு ஆலை நிர்வாகமே பள்ளி நடத்திய காலம் அது. காலையில் நூற்புக்கூடம், பிறகு கரும்பலகை. செல்வபதி செட்டியாரின் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை சமயச் சொற்பொழிவுகளுக்காக எழுந்த அமைப்பு. அங்கே கூடிய தொழிலாளர்களின் குறைகளே 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கமாக உருக்கொண்டன. பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவர். தமிழாசிரியராக இருந்த ஒருவர் வகுப்பறையை விட்டு ஆலை வாயிலுக்கு வந்து நின்றது தமிழ்ப் பாடம் நடத்தும் நம் போன்றோர் மறக்கக் கூடாத செய்தி. மேடைப் பேச்சே அன்று மாலைப் பள்ளியாக இருந்தது. நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பதும் பள்ளிதான்.

இந்த வரிசையில் சிங்காரவேலரையும் வைக்க வேண்டும். 1860இல் மீனவக் குடும்பத்தில் பிறந்து, பட்டம் பெற்று, வழக்கறிஞராகி, 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் என்பது அனைவரும் அறிந்தது. 1930களில் 'குடிஅரசு' இதழில் அவர் எழுதிய அறிவியல் கட்டுரைகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெரும் நூலகம் ஒன்றைத் தம் வீட்டில் வைத்திருந்த அவர், அதில் படித்ததை எளிய தமிழில் தொழிலாளருக்குச் சொல்ல முயன்றார். கடற்கரைக் குப்பத்திலிருந்து சென்று படித்தவர், படித்ததைத் திரும்பக் கொண்டுவந்தார். கற்பிப்பவரும் கற்பவரும் ஒரே கரையில் நின்றதற்கு வடசென்னை உழைப்பாளர் வரலாற்றில் இதைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்குத் தெரியவில்லை.

அப்படியானால் கல்லூரி மாணவர்கள் எங்கே இருந்தார்கள்? சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அதன் மாணவர்கள் நூலை விட்டு எழுந்து மக்களிடம் அனுப்பப்பட்டதற்கு ஒரு முக்கியமான தொடக்கம் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பொருளியல் பேராசிரியரால் நிகழ்ந்தது. 1916 தொட்டு அவர் தம் மாணவர்களைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். அவ்வாய்வுகள் 1918இல் நூலாயின. ஆனால் அது பார்த்து எழுதுவதற்கான பயணம், கற்பிப்பதற்கானது அன்று.

இங்கே ஊரின் அமைப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் பச்சையப்பன் கல்லூரியும் ஜார்ஜ் டவுன் பகுதியிலேயே இருந்தன. இராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். முன்னது 1937இல் தாம்பரத்துக்கும், பின்னது 1940இல் சேத்துப்பட்டுக்கும் பெயர்ந்தன. விரிந்த நிலமும் நல்ல காற்றும் வேண்டியே இவை பெயர்ந்திருக்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட இராயபுரத்தைத் தாண்டி, துறைமுகமும் தொழிற்சாலைகளும் வடக்கே வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், கலைக் கல்லூரிகள் தெற்கும் மேற்கும் நகர்ந்தன. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இராயபுரத்தில் தோன்றியது ஒரு விதிவிலக்கு. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950இலும், பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி 1964இலும் வந்தன. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு கூடமாக எம்.ஆர்.எஃப். தொடங்கியிருந்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்துவிட்டது. 1955இல் என்ஃபீல்டு வந்தது. ஆலைகளுக்குப் பிறகே கல்லூரி வந்தது என்பதுதான் இப்பகுதியின் வரிசை.

இந்தக் கல்லூரிகள் வந்தபின் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கப்பல் கூலி, ஆலைத் தொழிலாளி, மீனவர் ஆகியோரின் வீட்டில் முதல் பட்டதாரி தோன்றினார். அவர் மாலையில் தெருவின் மன்றத்தில், கோயில் திண்ணையில், மாதா கோயிலின் பின்கட்டில், அம்பேத்கர் பெயரிலான இரவுப் பாடசாலையில் சிறுவர்களைச் சேர்த்து வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வளர்ந்தவர்கள் பலருக்கு இந்த 'டியூஷன் அண்ணன்' இல்லாமல் பத்தாம் வகுப்பு நினைவே இல்லை. கேரம் பலகையும் குத்துச்சண்டைக் கையுறையும் இருந்த அதே மன்றத்தில்தான் ஆங்கில இலக்கணப் புத்தகமும் இருந்தது. இவற்றுக்கு ஆவணம் குறைவு. சம்பளப் பட்டியல் இல்லாத உழைப்பை எந்த அலுவலகமும் பதிந்து வைப்பதில்லை.

அரசு இதனைத் திட்டமாக்கியது 1969இல். காந்தி நூற்றாண்டையொட்டி அவ்வாண்டு செப்டம்பர் 24இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. ஈராண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் சட்டகம். 1978இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் வந்தபோதும் கல்லூரி மாணவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் இணைந்து நடத்திய அறிவொளி இயக்கம், தொண்டர் ஒருவர் கற்போர் சிலரோடு அன்றாடம் அமரும் முறையை ஊரறியச் செய்தது.

முகாம்களைப் பற்றி நமக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒரு குப்பத்தில் ஏழு நாள் தங்கினோம். தெருவைக் கூட்டினோம், மரக்கன்று நட்டோம், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னோம். எட்டாம் நாள் சான்றிதழ் வழங்கும் விழாவில், கற்பித்தவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. கற்றவர்களுக்கு மிட்டாய் கிடைத்தது. மறுவாரம் அவ்வழியே போன மாணவன் ஒருவன், தன்னிடம் பின்னக் கணக்குப் பாதியில் நின்ற சிறுவனைக் கண்டு வேறு தெருவில் திரும்பிவிட்டதாகப் பின்னாளில் நம்மிடம் ஒப்புக்கொண்டான். அவன் வெட்கப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. வெட்கப்பட வேண்டியவர்களில் நாமும் ஒருவர்.

2021 அக்டோபர் 27இல், பெருந்தொற்றுக்கால இழப்பை ஈடு செய்யும் பொருட்டுத் தமிழக அரசு விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் ஒரு குப்பம் என்பது கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒன்றரை மணி நேர அளவில் வகுப்பு. தன்னார்வலர்களில் பெரும்பான்மையோர் பெண்கள், அதே தெருவைச் சேர்ந்தவர்கள். முகாம் முறையைவிட இது எவ்வளவோ மேலானது. வருபவர் நாளையும் வருவார், ஏனெனில் அவர் வீடு அங்கேதான். ஆயினும் திட்டம் தொடங்கியபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்கானதாகவே இருந்தது. ஒன்பதாம் வகுப்பின் வாசலில் அது நின்றுவிட்டது.

நாம் சொல்லவந்த மறு கரைக்கு இப்போது வருவோம். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தின் தென்கரையில் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. 2011 முதல் அது சென்னை மாநகராட்சி. வடகரையில் அத்திப்பட்டு, பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். அங்கேயும், மேலும் வடக்கே பழவேற்காடு வரையிலும் இருளர் குடியிருப்புகள் உள்ளன. இருளர் படகேறி வலை வீசுவதைவிட, கழியின் ஆழம் குறைந்த சேற்று நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் கையால் தடவி இறால் பிடிப்பதையே மரபாகக் கொண்டவர்கள். பிடித்ததைப் 'பறி' என்ற ஓலைப் பையில் இடுவர். இரு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வர். பழவேற்காட்டு மீனவர்களுக்கு நீர்நிலையை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு உண்டு. இருளருக்கு அதில் இடமில்லை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழியில் படிந்து, துறைமுகமும் நிறுவனங்களும் உப்பங்கழியைக் குறுக்க, ஆழம் குறைந்த நீரை நம்பியவர்களே முதலில் இழந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழியில் பரவியபோது, படகும் வலையும் கணக்கெடுக்கப்பட்டன. வெறும் கைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அவர்களுள் இருளர் சுமார் 1.89 லட்சம். மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு, பழங்குடியினரிடையே 54 விழுக்காடு. உயர்நிலைப் பள்ளியை எட்டும் இருளர் பிள்ளையின் முன் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, வீட்டில் முன்னே போனவர் எவருமில்லை. மற்றொன்று சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் வழங்கும் சான்றிதழ், பழங்குடியினருக்கு 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர் நிலையில்தான் வழங்கப்படுகிறது. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் தாய் தந்தையரின் சான்றிதழைக் கொண்டுவா என்று கேட்கும்போது, தந்தையே செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ கொத்தடிமையாகக் கழித்தவராயின் அந்தப் பிள்ளை எதைக் கொண்டுபோகும்? இந்தச் சுவரை முட்டித் திறந்தவர்களில் திண்டிவனத்துப் பேராசிரியர் கல்யாணி முக்கியமானவர். இயற்பியல் கற்பித்த கல்லூரி ஆசிரியர். 1993இல் அத்தியூரில் இருளர் பெண்ணுக்குக் காவலர்களால் நேர்ந்த கொடுமைக்கு நீதி கேட்டதில் தொடங்கி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியவர், திண்டிவனத்தில் தாய்த்தமிழ்ப் பள்ளி நடத்தியவர். பாடமும் வழக்கும் சான்றிதழும் ஒரே வேலையின் மூன்று பகுதிகள் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இதே பாடத்தைத் தொலைதூர ஆஸ்திரேலியாவும் வேறு வழியில் கற்றது. 1965 பிப்ரவரியில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர் ஏறத்தாழ முப்பது பேர், பழங்குடியினரான சார்லஸ் பெர்கின்ஸின் தலைமையில் ஒரு பேருந்தில் கிளம்பி நியூ சவுத் வேல்ஸ் ஊர்களுக்குச் சென்றனர். மோரீ என்ற ஊரில் பழங்குடிச் சிறுவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த நீச்சல் குளத்தின் வாயிலில் அச்சிறுவர்களோடு நின்றார்கள். பாடப்புத்தகத்துக்கு முன்னால் குளத்தின் கதவு திறக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு பெர்கின்ஸ் பட்டம் பெற்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல், அதே பல்கலைக்கழகத்தில் பழங்குடி மாணவரான ஜாக் மானிங் பான்கிராஃப்ட் ஒரு முயற்சியைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர் 25 பேர், உயர்நிலைப் பள்ளியின் பழங்குடி மாணவர் 25 பேர், ஆளுக்கொரு துணை. பாடத்தைவிட, 'நீயும் இங்கே வரலாம்' என்ற நம்பிக்கையே அங்கு முதன்மையாகத் தரப்பட்டது. அது பின்னர் நாடு முழுவதும் பரவியது. தொடங்கியவரே அம்மக்களில் ஒருவர் என்பதையே நாம் இங்கு அடிக்கோடிட விரும்புகிறோம்.

நம் மாணவர்கள் சிலர் முகாமின் வெட்கத்துக்குப் பிறகு, சான்றிதழ் இல்லாமல், வாரம் இருமுறை கழியின் வடகரைக்குப் போகத் தொடங்கினர். ஒரு மாலை நாமும் உடன் சென்றோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்திக்கு விழுக்காட்டுக் கணக்கை நம் மாணவன் மூன்று விதமாக விளக்கியும் விளங்கவில்லை. இறுதியில் அவளே கேட்டாள்: "இறால் எடுக்கறவங்க நூறு ரூபாய்க்கு அஞ்சு ரூபா கழிவுன்னு பிடிச்சுக்குவாங்களே, அதுதானாண்ணா இது?" அதுதான். விழுக்காடு அவளுக்கு முன்பே தெரியும், பறிகொடுத்தவர் வீட்டில் அது தெரியாமல் இருக்குமா? தெரியாதது நம் புத்தகம் அதை அழைத்த பெயர். அன்று வகுப்பு முடிந்ததும் நம் மாணவர்கள் கணக்கை மூடிவிட்டு, அவளுடைய சான்றிதழ் விண்ணப்பத்தை எடுத்து நிரப்பினார்கள். அதற்கு வேண்டிய பழைய தாள்களைத் தேட அவளுடைய தந்தை கூரையின் செருகலிலிருந்து ஒரு நெகிழிப் பையை இறக்கினார். அதில் இருந்தவை குடும்ப அட்டையின் நகலும், நனைந்து உலர்ந்த ஒரு மாற்றுச் சான்றிதழும் மட்டுமே.

கல்லூரி மாணவன் பள்ளி மாணவனுக்குத் தரக்கூடியது எது என்ற கேள்விக்கு இந்த நூற்றாண்டு வரலாறு தரும் விடை ஓரளவு தெளிவாகவே உள்ளது. ஏழு நாள் பாடம் அன்று. மறுநாளும் வருவது. கோட்டாட்சியர் அலுவலகத்தின் படியில் கூட நிற்பது. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்வது. இவற்றைச் செய்வோர் வெளியிலிருந்து வந்தாலும் குற்றமில்லை, ஆல்காட்டும் வெளியிலிருந்து வந்தவரே. ஆனால் அவர்கள் தங்கள் இடத்தை ஒருநாள் உள்ளிருந்து வரும் ஒருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கோர்ட்ரைட் அம்மையாரின் 'நாங்கள்' சிங்காரவேலரின் 'நாம்' ஆவது அப்போதுதான்.

இக்கட்டுரை முழுக்க நாமும் 'நாம்' என்றே எழுதி வந்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் கழிமுகத்தின் அக்கரை இன்னும் வந்து சேரவில்லை என்பதை அறிந்தே எழுதினோம். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வண்ணாரப்பேட்டைக்கோ பொன்னேரிக்கோ ஒரு கல்லூரிக்குப் போய், மாலையில் திரும்பி வந்து, தன் தெருவின் அடுத்த பிள்ளைக்கு நூற்றுக்கு ஐந்தின் கணக்கைச் சொல்லித்தரும் நாளில் அச்சொல் சரியாகும். அவளுடைய விண்ணப்பம் இதை எழுதும் வரையில் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் இருக்கிறது.